ஒப்பனை நாற்காலியில் உட்கார வைத்தால் ஊர் பேசும்: ‘வி ஆர் ஹியர்’ நான்கு சீசன்கள்

எச்பிஓவின் ‘வி ஆர் ஹியர்’ ஒரு ரியாலிட்டி தொடர். ஆனால் இதில் போட்டி கிடையாது, நடுவர் கிடையாது, வாராவாரம் யாரையும் வெளியேற்றுவதும் கிடையாது. மூன்று டிராக் குயின்கள், அதாவது பெண் வேடத்தை மிகைப்படுத்திக் கட்டி மேடையேறும் கலைஞர்கள், அமெரிக்காவில் ஏதாவது ஒரு சிறிய ஊருக்குப் போய் இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்களில் ஆளுக்கு ஒருவரை ‘டிராக் மகள்’ என்று ஏற்றுக்கொள்கிறார்கள். சில நாள் பயிற்சி, பிறகு அதே ஊரில் ஒரே ஒரு இரவு மேடை நிகழ்ச்சி. மறுநாள் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்டீபன் வாரனும் ஜானி இங்ரமும் உருவாக்கிய தொடர் இது. 2020 ஏப்ரல் 23 அன்று தொடங்கி 2024 வரை நான்கு சீசன் வந்தன.

டிராக்கைப் பற்றி முன்பின் தெரியாமல் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூத்திலும் பழைய நாடகக் கம்பெனிகளிலும் ஸ்திரீ வேடம் கட்டுபவர் பெண்ணாகவே தெரிய வேண்டும், அதுதான் அங்கே திறமை. டிராக்கில் வேடம் வேடமாகவே தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் கூட்டம் ரசிக்கிறது. புருவம், இடுப்பு, நடை, கூந்தல் எல்லாமே அளவுக்கு மேலே போகும். ஆண்கள் மட்டும் செய்வதும் இல்லை: இந்தத் தொடரிலேயே அம்மாக்கள், திருநம்பிகள், திருநங்கைகள், குடும்பஸ்தர்கள் என்று பலரும் வேடம் கட்டுகிறார்கள். நம் சினிமாவில் ஆண் புடவை கட்டி வந்தால் சிரிப்பு என்ற பழக்கத்தோடு உட்காருபவர்கள் முதல் எபிசோடிலேயே அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

முதல் மூன்று சீசனையும் நடத்துபவர்கள் பாப் த டிராக் குயின், யுரேகா, ஷாஞ்சலா. மூவருமே ‘ரூபால்ஸ் டிராக் ரேஸ்’ என்ற தொலைக்காட்சி டிராக் போட்டியிலிருந்து வந்தவர்கள். பாப் 2016இல் அதன் எட்டாவது சீசனை வென்றவர். இந்த வேலைக்கு அதைவிட முக்கியமான தகுதி ஒன்று இவர்களுக்கு உண்டு. யுரேகா டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியைச் சேர்ந்தவர், ஷாஞ்சலா டெக்ஸாஸில் உள்ள பாரிஸ் என்ற சிற்றூர்க்காரர், பாப் ஜார்ஜியாக்காரர். தென் மாநிலத்துச் சர்ச்சும் சமையலறையும் அங்குள்ளவர்களின் பேச்சும் இவர்களுக்குப் புதிதல்ல. அதனால் எதிர்ப்பவரிடம்கூட வாதம் செய்ய அவசரப்படாமல் பேச்சுக் கொடுக்கிறார்கள். முழு அலங்காரத்தோடு பட்டப்பகலில் கடைத்தெருவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நடக்கும் தொடக்கக் காட்சி ஒவ்வொரு எபிசோடிலும் வரும். அது வேடிக்கைக்காக வைத்ததாகத் தோன்றலாம். ஆனால் யார் சிரிக்கிறார்கள், யார் கதவைச் சாத்துகிறார்கள், யார் தயங்கித் தயங்கிக் கிட்டே வருகிறார்கள் என்று அந்த ஐந்து நிமிடத்தில் ஊரின் வெப்பநிலை தெரிந்துவிடும்.

ஆனால் தொடரின் உயிர் தெருவிலும் இல்லை, மேடையிலும் இல்லை. ஒப்பனை நாற்காலியில் இருக்கிறது. ஏன் என்று புரிய, அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தொடர் அதைத் துண்டு துண்டாகத்தான் காட்டுகிறது.

முதலில் புருவம். சொந்தப் புருவத்தை மறைத்துவிட்டு அதற்கு மேலே புதிதாக வரைவார்கள். அப்போதுதான் கண்ணிமைக்கு மேல் நிழலும் நிறமும் தீட்ட இடம் கிடைக்கும். இதற்குப் பயன்படுவது பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் கிளூ ஸ்டிக்தான். ஊதா நிறத்தில் பூசி, காய்ந்ததும் நிறம் மறைந்துபோகும் ரகத்தைத் தேடி வாங்குவார்கள். எங்கே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அதில் கண்ணுக்கே தெரியும். புருவத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது, ஆகவே ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். முடி வளரும் திசைக்கு எதிராகப் பசையைத் தேய்த்து, சின்னச் சீப்பால் மேல்நோக்கி வாரிப் படிய வைத்து, விரலால் அழுத்திக் காயவிட வேண்டும். இப்படி மூன்று, நான்கு அடுக்கு. ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது, எல்லாம் முடிந்த பிறகே பவுடர். ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் கட்டி கட்டியாக எழும்பிவிடும். மேடை விளக்கில் நெற்றியில் கம்பளிப்பூச்சி ஒட்டியதுபோல் தெரியும்.

அடுத்தது தாடை. எவ்வளவு ஒட்டச் சவரம் செய்தாலும் தோலுக்கு அடியில் நீலம் பாய்ந்த நிழல் இருக்கும். அதன்மேல் நேராக ஃபவுண்டேஷன் பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஆரஞ்சு அல்லது சிவப்பு கரெக்டரை மெல்லிசாகத் தட்டித் தட்டி வைத்து நீலத்தை முறிக்க வேண்டும், பவுடரால் அதை இறுக்க வேண்டும். பிறகுதான் கிரையோலன் போன்ற கனமான ஸ்டிக் ஃபவுண்டேஷன். கன்ன எலும்புக்குக் கீழே, மூக்கின் இருபுறம், தாடைக் கோட்டில் இரண்டு மூன்று படி கருமையான நிறம். நெற்றி நடு, கண்ணுக்குக் கீழ், மூக்குத்தண்டில் வெளிர் நிறம். வெளிர் நிறத்தின் மேல் பவுடரைக் கொட்டினாற்போல் வைத்து, சில நிமிடம் விட்டுத் தட்டிவிடுவார்கள். தோலின் சூட்டில் கிரீமும் பவுடரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டு மூன்று ஜோடி ஒட்டு இமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். இமைப் பசையைப் பூசிய உடனே ஒட்டினால் வழுக்கும், அரை நிமிடமாவது பிசுபிசுப்பு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். முழு முகமும் முடிய இரண்டு மணி நேரம் என்றால் அது வேகம். புதியவர் முகத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும்.

இந்த நேரம் முழுவதும் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் அவர் தாடையைக் கையில் தாங்கி, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். முகம் தன்னுடையதாக இல்லாமல் மாறிக்கொண்டே வருகிறது. வாழ்க்கை முழுதும் யாரிடமும் சொல்லாததை மனிதர்கள் அங்கே சொல்லிவிடுகிறார்கள். பேட்டி எடுப்பவரின் கேள்விக்கு வராத பதில், கண்ணை மூடி இமையொட்டக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. தொடரின் எடிட்டர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு எபிசோடிலும் பின்னணி இசை குறையும் இடம் பெரும்பாலும் இதுதான்.

உடம்புக்கு வருவோம். இடுப்பும் தொடையும் பெருத்துத் தெரிய, சோபா தைப்பவர்கள் பயன்படுத்தும் 3, 4 அங்குல ஃபோமை வெட்டி பேடு செய்கிறார்கள். உருவம் வெட்டுவது சுலபம், ஓரத்தைச் சீவுவதுதான் கஷ்டம். நடுவில் முழுக் கனமும் ஓரத்தில் காகிதக் கனமுமாகச் சரித்துச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் உடையின் மேல் மடிப்பு தெரியும். அதன்மேல் மூன்று முதல் ஐந்து டைட்ஸ் வரை போட்டால்தான் விளிம்பு மறையும், பேடும் நகராது. மேலே கோர்செட், இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சு. புதியவர்கள் தடுமாறும் இடம் இது: கோர்செட்டை முழு இறுக்கத்தில் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினால் இரண்டாவது சரணத்தில் மூச்சு நிற்கும். ஒத்திகையையும் கோர்செட்டோடும் ஹீல்ஸோடும் செய்திருக்க வேண்டும். தொடரில் ஒத்திகைக் காட்சிகளில் பலர் டிரெயினிங் உடையில் ஹீல்ஸ் மட்டும் மாட்டி நடப்பார்கள். கால் வைக்கும்போது குனிந்து பார்க்கும் பழக்கத்தை முதலில் உடைப்பது அங்கேதான்.

லிப் சிங்க் என்பதை வாயசைப்பு என்று லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் பாபின் பயிற்சிக் காட்சிகளைக் கவனிக்க வேண்டும். வரி மனப்பாடம் என்பது ஆரம்பம்தான். பாடகர் எங்கே மூச்சிழுக்கிறாரோ அங்கே தோள் ஏற வேண்டும். நீட்டும் சுரத்தில் தொண்டை அதிர வேண்டும். ப, ம போன்ற உதடு ஒட்டும் எழுத்துகள் நொடி பிசகாமல் விழ வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு நாக்கு தெரியாது, உதடு மூடுவது தெரியும். பதற்றத்தில் முதலில் போவதும் அந்த மூடல்தான். வரி மறந்தால் திரும்பிக்கொள்ளலாம், கூந்தலை வீசலாம், நின்றுபோகக் கூடாது.

உடைகள் தொடரின் பெருமை, கூடவே குறையும். டியாகோ மொன்டோயாவும் அவர் கூட்டணியும் செய்யும் உடைகள் சிற்பம்போல் நிற்கின்றன. ஹவாயின் கோனா எபிசோடுக்காக 2022இல் உடையலங்காரத்துக்கான எம்மி விருது கிடைத்தது நியாயமே. ஆனால் சிற்றூர் பாரில் வார இறுதியில் ஆடும் உள்ளூர் குயின் ஒருவர், தையல் மெஷினும் பசைத் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு தானே தைத்துத் தானே விக் கட்டி மேடையேறுகிறார். டிராக்கின் பொருளாதாரம் அதுதான். தொடரில் உடை எங்கிருந்தோ வந்து இறங்கிவிடுகிறது. செலவு என்ன, விக் யார் கட்டியது, நிகழ்ச்சி முடிந்ததும் அந்த உடை எங்கே போகிறது என்று ஒருவரும் பேசுவதில்லை. உள்ளூர் டிராக் கலைஞர்களுக்கும் வேண்டிய அளவு இடம் இல்லை. வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்துதான் டிராக்கைக் கொண்டுவந்தார்கள் என்ற எண்ணம் சில எபிசோடில் விழுந்துவிடுகிறது. அது உண்மை இல்லை, தொடரை எடுத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

‘சின்ன ஊர்’ என்பதையும் கொஞ்சம் நீட்டியே பயன்படுத்துகிறார்கள். முதல் எபிசோடின் கெட்டிஸ்பர்க், பென்சில்வேனியாவில் சுமார் 7,000 பேர் வாழும் ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும் போர்க்களமாக இருந்த இடம். இசை நிகழ்ச்சிகளுக்குப் பேர்போன மிசூரியின் பிரான்சனில் சுமார் 12,000 பேர். ஆனால் இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் லட்சம் பேருக்கு மேல். தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற நெருக்கடி கெட்டிஸ்பர்க்கில் கிடைப்பதுபோல் பெரிய ஊர்களில் கிடைக்காது. எபிசோடின் அழுத்தம் ஊருக்கு ஊர் கூடிக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்டிஸ்பர்க் எபிசோடில் வரும் அம்மாவைத்தான் தொடரின் இலக்கணம் என்று சொல்வேன். மகள் தான் இருபாலீர்ப்பு கொண்டவள் என்று சொன்னபோது மத நம்பிக்கையின் பேரில் அவளைத் தள்ளிவைத்தவர் அவர். இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் உட்கார்ந்து கேட்கும் மன்னிப்பு அவருக்கு வரவில்லை. வேடம் கட்டி, ஊர் பார்க்க, மகள் முன்வரிசையில் நிற்க, ஒரு பாட்டுக்கு வாயசைக்கும்போது அது வந்துவிடுகிறது. அவருடைய லிப் சிங்க் சுத்தம் என்று சொல்ல முடியாது. மூச்சு தப்புகிறது, கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு தொழில்முறை குயின் அதே பாட்டை நூறு மடங்கு சுத்தமாகச் செய்திருப்பார், பலன் பூஜ்ஜியமாக இருந்திருக்கும்.

அதே முதல் சீசனில் ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸ், நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டன் இரண்டும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. ஃபார்மிங்டன் நவஹோ பழங்குடியினரின் நிலத்தை ஒட்டிய ஊர். பழங்குடி இளைஞர் ஒருவரின் கதையில் நிறமும் பாலீர்ப்பும் இரட்டைச் சுமையாக வருகின்றன. தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் படப்பிடிப்பு 2020 மார்ச்சில் கொரோனாவால் பாதியில் நின்றது. அதை மறைக்காமல் அப்படியே காட்டி சீசனை முடித்து, அடுத்த சீசனில் அங்கேயே திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது சீசன் கொஞ்சம் ஏற்ற இறக்கம். சூத்திரம் பழகிவிட்டது: வருகை, சந்திப்பு, கண்ணீர், ஒத்திகை, மேடை. இரண்டு எபிசோடை அடுத்தடுத்துப் பார்த்தால் எந்த நிமிடத்தில் யார் அழுவார்கள் என்று சொல்லிவிடலாம், ஆகவே வாரத்துக்கு ஒன்று என்று பார்ப்பதே நல்லது. விதிவிலக்காக இரண்டு. அலபாமாவின் செல்மா: 1965இல் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அடித்து விரட்டிய ஊர். அங்கே கறுப்பினக் குயின்களான பாபும் ஷாஞ்சலாவும் நடப்பதற்கே தனி அர்த்தம் வந்துவிடுகிறது. இன்னொன்று கோனா. ஆண், பெண் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ‘மாஹூ’ மரபு ஹவாயில் மிஷனரிகள் வருவதற்கு முன்பே இருந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் கேட்டுக்கொள்ளும் இடத்தில் உட்காருகிறார்கள். தொடர் அடக்கமாக இருக்கும் எபிசோட் இது, அதனாலேயே சிறந்தவற்றில் ஒன்று.

மூன்றாவது சீசனில் காற்று மாறுகிறது. யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜில் 2022 கோடையில் பொதுப் பூங்காவில் நிகழ்ச்சி நடத்த நகராட்சி அனுமதி கொடுத்தது. நகரசபையில் எதிர்ப்பு கிளம்பியும் நகர நிர்வாக மேலாளர் அனுமதியை ரத்து செய்யவில்லை. நிகழ்ச்சி நடந்தது, அவர் பதவி போனது. பின்னர் நகராட்சி அவருக்கு 6,25,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. அடுத்த வருடம் அதே ஊரின் உள்ளூர் டிராக் குழுவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு நடந்து, 2023 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அனுமதி கொடுக்க உத்தரவிட்டது. எபிசோடைப் பார்த்துவிட்டு இந்தப் பின்கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். படப்பிடிப்புக் குழு கிளம்பிப் போன பிறகு அதன் விலையை ஊரில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். தொடர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது, மூன்றாவது சீசனில் அரைகுறையாகவே கேட்கிறது.

நான்காவது சீசன் (2024) கேட்டது. பழைய மூவரும் இல்லை. சாஷா வெலூர், ஜெய்டா எசென்ஸ் ஹால், கனடாவிலிருந்து பிரியங்கா வந்தார்கள். லட்ரீஸ் ராயலும் சேர்ந்துகொண்டார். ஒரு ஊருக்கு ஒரு எபிசோட் என்ற கணக்கை விட்டுவிட்டு, ஆறு எபிசோடில் இரண்டே பகுதிகள்: டென்னசியில் மர்ஃப்ரீஸ்பரோ, ஷெல்பிவில், ஒக்லஹோமாவில் பார்ட்டில்ஸ்வில், டல்சா. டென்னசி 2023 மார்ச்சில் பொது இடத்து டிராக் நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றிய மாநிலம். ஜூனில் ஒரு நீதிபதி அது அரசியலமைப்புக்கு எதிரானது என்றார், 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மர்ஃப்ரீஸ்பரோ தன் பங்குக்கு ‘அநாகரிக நடத்தை’ விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த நகரச் சட்டத்தின் பழைய வரையறையில் தன்பாலீர்ப்பே பாலியல் நடத்தைப் பட்டியலில் இருந்தது. கடைசியில் 5,00,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்து விதியைக் கைவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் மூன்று எபிசோட் தங்குவது சரியான முடிவு. நகரசபைக் கூட்டம், வாடகைக்கு அரங்கம் கிடைக்காத திண்டாட்டம், வாசலில் கூச்சல் போடுபவர்கள், பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் காரண காரியத்தோடு தெரிகின்றன. முந்தைய சீசன்களில் எதிர்ப்பு என்பது முகம் சுளிக்கும் ஒரு வழிப்போக்கர். இங்கே அது தீர்மான எண்ணும் ஓட்டெடுப்பும் உள்ள ஒரு விஷயம். பங்கேற்பவர்கள் சிலர் முகம் காட்டலாமா என்று கடைசிவரை யோசிப்பதும் புரிகிறது. சாஷா இந்தச் சூழலுக்குப் பொருத்தமானவர். டிராக்கின் வரலாற்றைப் படித்தவர், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவர். ஜெய்டாவுக்கு இயல்பான நகைச்சுவை, அதுவும் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

இழப்பு என்னவென்றால், கைத்தொழில் குறைந்துவிட்டது. ஒப்பனை நாற்காலிக்கு நேரம் இல்லை. மகள்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சிகள் நறுக்கப்பட்டு, மேடை நிகழ்ச்சி வந்து சேரும்போது இவர் எப்படி இந்த நடைக்கு வந்தார் என்று நமக்குத் தெரிவதில்லை. பாபும் யுரேகாவும் ஒரு பயந்த மனிதரை ஹீல்ஸில் நிறுத்தி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, மோவாயைத் தூக்கிவிட்டு, ‘இப்போது நட’ என்று விடும் அந்தப் பொறுமையான பத்து நிமிடங்கள் நான்காவது சீசனில் இல்லை. அரசியல் காரணமாக அவற்றைத் தியாகம் செய்திருக்க வேண்டியதில்லை. மூன்று எபிசோடில் அதற்கும் இடம் இருந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் கெட்டிஸ்பர்க்கில் தொடங்கி, ஃபார்மிங்டன், செல்மா, கோனா, செயின்ட் ஜார்ஜ் என்று போய், பிறகு நான்காவது சீசனின் டென்னசி மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஒக்லஹோமா பகுதி அதே வடிவத்தைத் திரும்பச் செய்கிறது, அவசரம் இல்லை. டிராக் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தொடர் போதாது. புருவம் ஒட்டுவதையும் பேடு வெட்டுவதையும் வெட்டு இல்லாமல் காட்டும் வீடியோக்களை குயின்களே யூடியூபில் போட்டிருக்கிறார்கள், அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பதின்பருவப் பிள்ளைகளோடு பார்க்கலாம். கெட்ட வார்த்தைகள் உண்டு, தற்கொலை எண்ணம் பற்றிய பேச்சு சில எபிசோடில் வெளிப்படையாக வருகிறது, அதற்குத் தயாராக இருங்கள். மூன்றாவது சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகள் ஃபுளோரிடாவில் நடக்கின்றன. 2016இல் ஆர்லாண்டோவின் பல்ஸ் கிளப்பில் 49 பேர் சுடப்பட்டு இறந்ததைத் தொட்டுச் செல்வதால், அவற்றை இரவில் தனியாகப் பார்ப்பதைவிடக் கூட யாராவது இருக்கும்போது பார்ப்பது நல்லது.